நிரப்பும் துளை

அது செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமையா, அதற்கு முந்தையதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கார் மஞ்சள் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள், ஆரஞ்சு என்று சிலர். அன்று பேசியதில் பாதி, சொல்லிச் சொல்லியே உருமாறியிருக்கும். வண்டியில் கட்டி இழுத்துப்போகும் டிரெய்லர் வீடுகள் விற்காமல் போன வருஷம் என்பது நிச்சயம். ஆப்பிள் திருவிழா அடுத்த வாரம் என்பதும் நிச்சயம். அதை வைத்துத்தான் எல்லாம் நடந்தது.

லோரன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்ற கார் அவன் மூக்குக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இருந்தது. அவன் மனைவி ஜெனெல் சிமெண்ட் தரையில் முழங்காலிட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பழைய வண்டிகளுக்கு அவள் இந்த ஷெட்டில் விளக்குப் பிடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களின் வண்டிகள், மாமனாரின் லாரி, கருணையில்லாமல் துருப்பிடித்த அவர்களுடைய சொந்த வேன். இவ்வளவு பளபளப்பான ஒன்றுக்குப் பிடிப்பது இதுவே முதல் தடவை.

காரின் சொந்தக்காரன் கர்ட், வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். டிரெய்லர் தொழிற்சாலையில் அவன் ஃபோர்மன். பிப்ரவரியில் லோரனை வீட்டுக்கு அனுப்பியவனும் அவன்தான், திரும்பக் கூப்பிடுவதாயிருந்தால் கூப்பிட வேண்டியவனும் அவன்தான். யூனியன் இல்லாத தொழிற்சாலையில் ஃபோர்மன் வாயில் வருகிற பெயருக்குத்தான் வேலை. கூலிக்குப் பதிலாக ஒரு பெட்டி பீர் கொண்டுவந்திருந்தான். அதில் பாதியை அவனே குடித்துவிட்டான். காரின் நிறத்திலேயே ஒரு ஜாக்கெட் வாங்கிப் போட்டிருந்தான். தொப்பியும் அதே நிறம். ஜெனெல் முதலில் அதைப் பார்த்தபோது, பொம்மைக் கடையில் காரோடு ஒரே பெட்டியில் விற்கும் ஓட்டுநர் பொம்மை நினைவுக்கு வந்தது.

"வேலை தெரிஞ்சவன் கையில விட்டாத்தான் எனக்கு நிம்மதி," என்றான் கர்ட். "கம்பெனி சர்வீஸ்ல கேட்டா மூணு வாரம் ஆகும்கிறான். அடுத்த சனிக்கிழமை முதலாளி பொண்ணு இதுல உக்காந்து ஊர்வலம் வரப்போகுது. ஆப்பிள் ராணி! நடுத்தெருவுல கியர் மாறும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தா என் மானம் என்னாகிறது?"

"வெட்டாதுங்க. எண்ணெயும் ஃபில்டரும் மாத்தினா சரியாயிடும்," என்றான் லோரன், அடியிலிருந்து.

இந்த 'ங்க'வைத்தான் ஜெனெலால் விழுங்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கர்ட்டை லோரன் 'டேய்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், ஃபோர்மன் ஆன பிறகும்கூட. பிப்ரவரிக்கு அப்புறம் அந்த 'டேய்' எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் தொலைபேசியில் 'சொல்லுங்க கர்ட்' என்று கேட்டது. அன்றைக்கு அவள் தட்டு கழுவுவதை நிறுத்திவிட்டுக் கணவனின் முதுகைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது.

லோரன் கியர்பெட்டியின் பக்கவாட்டில் கையைவிட்டுத் தடவினான். இந்த வண்டியில் எண்ணெய் ஊற்ற மேலே குழாய் கிடையாது. பக்கவாட்டில் ஒரு துளை, அதற்கு ஒரு திருகு மூடி. அதன் வழியாகக் கீழேயிருந்து பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். புகைக் குழாய்க்கும் கியர்பெட்டிக்கும் நடுவே, ஒரு கை நுழையும் சந்தில் அந்த மூடி இருந்தது. லோரன் ஸ்பானரைப் பொருத்தி ஒரு இழு இழுத்தான். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

முதலில் ஊற்றுகிற வழியைத் திற, அப்புறம் இறக்கு. வீட்டில் கார் நோண்டுகிறவன் எவனுக்கும் இது பாலபாடம். உள்ளே விட வழியில்லாமல், இருக்கிற எண்ணெயை வெளியே விட்டால், வண்டி நின்ற இடத்திலேயே பிணம். இதை லோரன் எத்தனையோ பேருக்குச் சொல்லி, ஜெனெலுக்கே மனப்பாடம். அவன் கை அந்த மூடியிலேயே நின்றதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். துருவுக்கு எண்ணெய் தெளித்து ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும், நாளைக்கு வாங்க என்று அவன் சொல்ல வேண்டிய இடம் அது.

"அங்க என்னத்தய்யா நோண்டிட்டே இருக்க?" என்றான் கர்ட். "எண்ணெய எறக்கு முதல்ல. கறுப்பாயிருக்கா, பழுப்பாயிருக்கான்னு நான் பாக்கணும். வீடியோவுல எல்லாம் அதத்தான் முதல்ல பண்றான்."

அடியில் ஸ்பானர் இன்னொரு தடவை மூடியில் உரசியது.

"கேக்குதா?"

"இதோ எறக்கிடறேங்க."

ஜெனெல் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி அவன் முகத்தில் அடித்தாள். அவன் கண்ணைச் சுருக்கினான்.

"லோரன், அந்த மூடி வந்துச்சா?" என்றாள் தணிந்த குரலில்.

"வரும். நீ விளக்க இந்தப் பக்கம் காட்டு."

வராது என்று அவனுக்கும் தெரியும். வராததை வரும் என்று சொல்கிற அந்த வாயை அவள் வெறுத்தாள். நாற்காலியில் இருப்பவனைவிட அதிகமாக வெறுத்தாள் என்றுகூடச் சொல்லலாம். நாற்காலியில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, ஒரு பொம்மை. இவன் தெரிந்தே செய்கிறான்.

கியர்பெட்டியின் அடித்தட்டுப் போல்டுகளை ஒரு மூலையில் தளர்த்தி, எண்ணெயைச் சாய்த்து வாளியில் விட்டான். பழுப்பாக, கருகிய வாடையோடு நூலாக இறங்கியது. கர்ட் எழுந்து வந்து குனிந்து பார்த்து, விஷயம் புரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். லோரன் தட்டைக் கழற்றினான். அதிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறுபோல இரும்புத் தூள் அப்பியிருந்தது. துணியால் வழித்தான். பழைய ஃபில்டரை இழுத்ததும் அதன் ரப்பர் வளையம் துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதையும் கொக்கியால் பொறுமையாகக் கிளப்பி எடுத்து, புதியதைப் பொருத்தி, தட்டை மூடி, போல்டுகளை எதிரெதிராக ஒவ்வொன்றாக முடுக்கினான். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பழகித் தேர்ந்த கைகள் தாமாகவே ஓடின. அந்த நேரம் மட்டும் ஜெனெலுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை.

நடுவில் அவள் உள்ளே போய் ஹாம் வைத்த ரொட்டி கொண்டுவந்தாள். கர்ட்டிடம் நீட்டும்போது தன் முகம் தானாகச் சிரித்ததை உணர்ந்தாள்.

"அம்மணி கையால சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!" என்றான் கர்ட். "ஊறுகாய் இல்லையா?"

"இருக்கு, கொண்டுவரேன்," என்று உள்ளே போனாள். போகும்போது அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. சமையலறைக் குழாயில் முகத்தைக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது லோரன் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஸ்பானரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகியிருந்தான். கர்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"என்னய்யா, ஊத்தறதுக்கு வழி இல்லேங்கிற? எண்ணெய எல்லாம் எறக்கிட்டு இப்பச் சொல்றியே!"

"கொஞ்சம் இறுகியிருக்கு. வந்துடும்."

"வரலேன்னா?"

லோரன் ஸ்பானரை மறுபடி மூடியில் பொருத்தினான்.

"நீங்கதானே முதல்ல எறக்கச் சொன்னீங்க," என்றாள் ஜெனெல்.

கர்ட் அவளை அப்போதுதான் பார்ப்பவன்போலப் பார்த்தான். "நான் சொன்னேனா? நான் என்ன மெக்கானிக்கா, அம்மணி? உன் புருஷன்தானே மெக்கானிக்? நான் நிலாவக் கொண்டான்னு சொன்னா கொண்டுவந்துடுவானா?"

"அவர் சொல்றது சரிதான், ஜெனெல்," என்றது அடியிலிருந்து குரல். "என் தப்புதான். நான்தான் பாத்திருக்கணும்."

ஜெனெல் விளக்கை மறுபடி மூடியின் பக்கம் திருப்பினாள்.

"திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கள் ஆள் கூப்பிடறோம்," என்றான் கர்ட், யாரையும் பாராமல். "உன் பேரத்தான் முதல்ல வச்சிருந்தேன். இப்படி வேலை பண்ணினா நான் மேல என்ன சொல்றது?"

லோரன் இரண்டு கைகளாலும் குழாயைப் பிடித்து, காலை ஸ்டாண்டில் முட்டுக்கொடுத்து, உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தான். மரக்கிளை முறிவதுபோல ஒரு சத்தம். மூடி விட்டுக்கொடுத்தது. ஸ்பானர் துள்ளி விழுந்தது. அவன் வலக்கை, போன வேகத்தில், புகைக் குழாயின் மேலிருந்த தகரக் கவசத்தின் ஓரத்தில் போய்ச் சொருகி இழுபட்டது.

அவன் கத்தவில்லை. "வந்துடுச்சு," என்றான்.

கர்ட் குனிந்து பார்த்தான். அட்டையின் மேல் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. புதிய எண்ணெயும் அதே சிவப்புதான். பம்ப் பக்கத்தில் ஒரு பாட்டில் திறந்து தயாராக இருந்தது.

"ஏய், பாத்துய்யா! எண்ணெய் சிந்துது பாரு. அது ஒவ்வொரு பாட்டிலும் என்ன விலை தெரியுமா?"

"அது எண்ணெய் இல்ல," என்றாள் ஜெனெல்.

கர்ட் ஒரு அடி பின்னால் போனான். அவன் காலில் புது வெள்ளை ஷூ.

அவள் கணவனின் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் வர மறுத்தான். நடுவிரலும் மோதிர விரலும் அடியில் பிளந்து, உள்ளே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. எண்ணெய் துடைக்கிற துணியை எடுத்துக் கையில் சுற்றி, பல்லால் இழுத்து முடிந்தான்.

"மொதல்ல ஊத்திடுவோம். பம்ப நீ அடி. குழாய நான் எடக்கையில பிடிச்சுக்கறேன்."

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"அடி, ஜெனெல். கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு பம்ப் அடித்தாள். பாட்டில் பாட்டிலாக ஏறியது. துளையில் எண்ணெய் வழிந்ததும், எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டு எடுக்க வேண்டும் என்றான் லோரன். கர்ட் காலைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்து, சொன்னபடி கியர்த் தடியை முன்னும் பின்னும் தள்ளினான். அன்று அவன் செய்த வேலை அது. சூடானதும் இன்னும் கொஞ்சம் அடித்தார்கள். நூல்போல வழிந்து நின்றதும் லோரன் இடக்கையால் மூடியைத் திருகினான்.

இறக்கி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான் கர்ட். முகமெல்லாம் சிரிப்பு. "வெண்ணெய் மாதிரி போகுது! சொன்னேன்ல, கைகாரன்னு. கையப் பாத்துக்கோ." மீதிப் பீரை விட்டுவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரியில் தோலைத் தைத்தார்கள். உள்ளே அறுந்த தசைநாரை இணைக்க வேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும், சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றார்கள். எந்தக் காப்பீடு என்று கேட்டார்கள். அது வேலையோடு பிப்ரவரியிலேயே போய்விட்டது என்று ஜெனெல் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பெண் தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

"ஆள் எடுத்துட்டாங்கன்னா காப்பீடும் வந்துடும்," என்றான் லோரன், வேனில். "அப்பப் பாத்துக்கலாம்."

அவள் வேனைக் கிளப்பினாள்.

திருவிழாவன்று, மரக்கடை முனையில் ஊர்வலத்துக்காக நின்றார்கள். வரமாட்டேன் என்றவளை லோரன்தான் இழுத்துக்கொண்டு வந்தான். பள்ளி பேண்டு போன பிறகு கார் வந்தது. கூரையை மடித்துவிட்டு, முதலாளியின் மகள் பின்பக்கத்தில் உயர உட்கார்ந்து, கிரீடத்தோடு கையசைத்தாள்.

"கேட்டியா? கியர் மாறினதே தெரியல," என்றான் லோரன். கட்டுப்போட்ட கையை உயர்த்தி ஆட்டினான். கர்ட் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தானா என்று தெரியவில்லை.

ஊர்வலம் முடிந்த மைதானத்தில் முதலாளி காரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். லோரன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் நின்றான். ஜெனெல் அவனுக்கு ஒரு அடி பின்னால் நின்றாள்.

"போன வாரம் நானே வீட்டுல எல்லாத்தையும் மாத்தினேன், சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தான் கர்ட். "கொஞ்சம் கை அழுக்காகும். ஆனா நம்ம கையால பண்ற மாதிரி வருமா?" லோரனைக் கண்டதும் அவன் குரல் ஒரு கணம் இடறியது, பிறகு சமாளித்துக்கொண்டது. "இவன்தான் லோரன். நம்ம பழைய ஆள். கூட இருந்து ஒத்தாசை பண்ணினான்."

முதலாளி அவன் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். "என்னப்பா ஆச்சு கைக்கு?"

லோரன் கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல சார். வீட்டு வேலை."

ஜெனெல் அங்கிருந்து நடந்து, வேனில் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கணவன் அங்கே நின்று சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இரண்டு பேரில் யார் கேவலம் என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தவளையும் சேர்த்துக்கொண்டு, மூன்று பேரில்.

கர்ட் சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை முதல் பெயராக லோரனைத்தான் கூப்பிட்டான். வேலைக்கு எடுக்கும் எவரும் தொழிற்சாலை நர்சின் முன்னால் ஒரு இரும்புப் பிடியை அழுத்திக் காட்ட வேண்டும். அதிலிருக்கும் முள், கையின் வலுவைச் சொல்லும். இடக்கைக்கு முள் நன்றாக ஓடியது. வலக்கைக்கு அது நடுங்கிவிட்டு அங்கேயே நின்றது. லோரன் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினான். கட்டுத்துணியில் ஈரம் பரவியது. போதும், விடுங்கள் என்றாள் நர்ஸ்.

"நான் கூப்பிட்டேன். அவனால பிடிக்க முடியல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று கர்ட் அன்று சாப்பாட்டு இடைவேளையில் நாலு பேரிடம் சொன்னான். நியாயந்தானே என்றார்கள் நாலு பேரும். அந்த இடத்துக்கு அடுத்த பெயர்க்காரன் வந்தான்.

லோரன் பிறகு ஒரு கிடங்கின் வாசலில், வரும் லாரிகளுக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடும் வேலையில் சேர்ந்தான். தூக்குவதற்குப் பொத்தான் இருக்கிறது, ஒரு விரல் போதும். வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அப்போது வேலை பார்த்த பள்ளிச் சமையலறையில்தான் ஜெனெல் இன்னும் இருக்கிறாள். கடைசி மணிக்குப் பிறகு அங்கேயே தரையும் துடைக்கிறாள். முதலாளியின் மகள் படிக்கப்போன நகரத்திலேயே தங்கிவிட்டாள். கர்ட் இப்போது தொழிற்சாலைக்கே மேனேஜர். காரை அவன் விற்கவில்லை, கோடையில் மட்டும் வெளியே எடுக்கிறான். அது இன்றுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.