கடைசி முத்தத்துக்கு முன்

கழுவிக் கவிழ்த்த கோப்பைகளையே ரேச்சல் மறுபடியும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். முற்றத்துப் பந்தலில் பாட்டு நின்றுவிட்டது. வீட்டார் கடைசி முத்தம் கொடுத்து முடித்தால் பெட்டி தேவாலயத்துக்குக் கிளம்பிவிடும்.

கணவன் இட்டிச்சன் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தான். "எல்லாரும் குடுத்தாச்சு. நீதான் பாக்கி. ஊரே உன்னத் தேடுது."

"தேடட்டும். எங்கம்மாவுக்கு நான் குடுத்தேனா?"

பெட்டியில் கிடப்பவள் இட்டிச்சனுடைய அக்கா ஏலிக்குட்டி. கல்யாணம் செய்துகொள்ளாமல், இந்த வீட்டை நாக்காலேயே ஆண்ட மகராசி. பதினோரு வருடத்துக்கு முன் ரேச்சலின் தாய்வீடான ரான்னியிலிருந்து அவள் அம்மா இறந்த செய்தி வந்தபோது போனை எடுத்தவள் அவள்தான். அன்று வீட்டில் ஏலிக்குட்டியின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். விருந்து கெட்டுவிடுமே என்று, "ரேச்சலுக்குக் காய்ச்சல், வரமாட்டா, காத்திருக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் உண்மை தெரிந்து ரேச்சல் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது.

"நீ முன்னாடியே போயிருந்தா மட்டும் அவ எந்திரிச்சு உக்காந்திருப்பாளா?" என்று திரும்பி வந்தவளிடம் கேட்டாள் ஏலிக்குட்டி.

அன்றிலிருந்து சாயங்கால ஜெபத்தில் பிறரை மன்னிக்கிற வரி வந்தால் ரேச்சலின் உதடு ஒட்டிக்கொள்ளும். அதையும் ஏலிக்குட்டி விடமாட்டாள். "ஒரு வரிய முழுங்கினா கர்த்தருக்குக் காது கேக்காதுன்னு நெனப்போடீ?"

ஏலிக்குட்டி படுக்கையில் விழுந்த மூன்று வாரமும் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டியது ரேச்சல்தான். கை வேலை செய்தது. மனசு ஓர் அங்குலம் நகரவில்லை.

"மனசில்லாட்டி சும்மா குனிஞ்சுட்டாவது வாடீ" என்று கெஞ்சினான் இட்டிச்சன்.

"பொணத்துக்கிட்டயும் நடிக்கணுமா நான்?" என்றாள். ஆனாலும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டம் வழிவிட்டது. பெட்டிக்குள் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏலிக்குட்டியின் தாடையில் மூன்று நரைமுடி கம்பிபோல நீட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு, ரேச்சலை ஏசிக்கொண்டே அவற்றைப் பிடுங்கச் சொல்வாள். கூடப் பிறந்த தம்பிக்குக்கூட அது தெரியாது. இந்த மூன்று வாரத்தில் ரேச்சல் மறந்தே போனாள். காலையிலிருந்து ஊர் முழுக்கப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"அச்சா, ஒரு நிமிஷம்" என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். சின்ன இடுக்கியோடு திரும்பி வந்து, முந்தானையை அகல இழுத்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

பின்னால் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "நாத்தனார்மேல என்ன பாசம் பாரு. தாங்க முடியல அவளுக்கு."

முதல் முடி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வழுக்கியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை.

"எங்கம்மாவையும் இப்பிடி ஒரு தடவ பாத்திருப்பேன்ல?" என்று முணுமுணுத்தாள். "சரி, அசையாம இருங்க சேச்சி" என்று பழக்கத்தில் அதட்டினாள்.

மூன்றாவதும் வந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். பாதிரியார் தொண்டையைக் கனைத்தார். ரேச்சல் நெற்றியைத் தேடவில்லை, அந்தத் தாடையிலேயே உதட்டை வைத்தாள்.

பிறகு நிமிர்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப எடுத்துட்டுப் போங்க" என்றாள்.