ஓட்டுத் தையல்

அன்வருதீன் தன் சொந்தச் சட்டையைச் சுவரொட்டியில் பார்த்தார். கடற்கரைப் பக்கம் ஒரு சவாரியை இறக்கிவிட்டு ஆட்டோவைத் திருப்பும்போது, பழைய பிரெஞ்சுக்கார வீடு ஒன்றின் மதிலில் அது ஒட்டியிருந்தது. காக்கிச் சட்டை, இடது தோளில் கிரீஸ் கறை, பட்டன் போன பை. பைக்குள்ளிருந்து ஓர் எக்ஸ்ரே பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சட்டை அவருடையது. எக்ஸ்ரேயில் இருந்த கை அவருடைய மனைவியுடையது. கீழே கொட்டை எழுத்தில் இருந்த பெயர் மட்டும் விஜயராகவன்.

நேரே முத்தியால்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு வந்து, மனைவியின் தையல் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமலே சொன்னார்.

"ஜீனத்து, நீ தச்சதை மாட்டிட்டாங்க. என் சட்டை பீச்சாண்ட தொங்குது. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அந்த வீட்ல கண்காட்சித் தொறப்பு விழாவாம்."

ஜீனத்துன்னிசா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "மாட்டிட்டாங்களா? ட்ரையலே பாக்கலியே."

முதலில் அவளுக்கு வந்த கவலை அதுதான். பெயரைப் பற்றிய கவலையெல்லாம் பிறகுதான் வந்தது. இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவள். கல்யாண ரவிக்கையோ கோட்டோ, எதுவானாலும் முதலில் சிவப்பு நூலில் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு, போட்டுப் பார்க்கச் சொல்லி, தோளும் இடுப்பும் சரியாக நின்ற பிறகுதான் பக்கா தையல். பிரிக்க வேண்டிய தையல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சிவப்பு. ஒரு முனையில் மட்டும் முடிச்சு. மறுமுனை சும்மா தொங்கும். பக்கா தையல் போடாமல் கூலி வாங்கும் பழக்கமும் அவள் கடையில் கிடையாது.

விஜயராகவன் ஐப்பசி மழையில் வந்தவர். ஊரில் பெயருள்ள ஓவியர், படம் பேப்பரிலெல்லாம் வரும். ஆளுயரச் சாக்குத் துணி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து கடையில் விரித்தார். அதன்மேல் தகரம், சைக்கிள் ட்யூப், துணி என்று என்னென்னவோ பசை போட்டு ஒட்டியிருந்தார். பாதி விழுந்துவிட்டது, மீதி விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"இது ஒட்டாது சார்," என்றாள் ஜீனத். "தகரம் ஒரு பக்கம் இழுக்குது, சாக்கு ஒரு பக்கம் இழுக்குது. இந்த உப்புக் காத்துல பசை இன்னா பண்ணும் பாவம். தைக்கணும்."

"தகரத்தைத் தைக்க முடியுமாக்கா?"

"ஆணியால ஓட்டை போட்டா எதையும் தைக்கலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று வாரம் இருவரும் அந்தச் சாக்கோடு மல்லுக்கட்டினார்கள். தகரத்தை நடுவில் வைக்க வேண்டும் என்றார் அவர். நடுவில் வைத்தால் சாக்கு தொப்பை போடும், கீழே வைத்தால் அதன் பாரமே துணியை விறைப்பாக நிறுத்தும் என்றாள் அவள். கீழே போனது. ட்யூபை வெட்டி ஒட்ட நினைத்தார் அவர். வெட்டாமல் வளைத்துத் தைத்தால் அதற்கு உயிர் இருக்கும் என்றாள். வளைத்துத் தைத்தார்கள். ரவிக்கை வெட்டியதில் விழுந்த துண்டுகளை மூட்டையோடு கொட்டி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று அவளே பொறுக்கி அடுக்கினாள். அவர் சாக்கின்மேல் மண் நிறத்தில் அங்கங்கே பட்டை பட்டையாகப் பெயின்ட் இழுத்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது.

எக்ஸ்ரே வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். பழைய சாமான் கடையில் வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்தார். ஜீனத்துக்கு அது பிடிக்கவில்லை.

"இது யாரு கையோ. இருக்காங்களோ இல்லியோ. என்னுது ஒண்ணு இருக்கு, அதை வெச்சுக்குங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈரப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே. மூலையில் வெள்ளை எழுத்தில் அவள் பெயர், வயது, தேதி. ஆனால் ஃபிலிமைத் தைக்க முடியாது. கிட்டக் கிட்ட ஊசி போட்டால் தபால்தலை மாதிரி வரிசையாகக் கிழிந்துவிடும். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அன்வருதீனின் பழைய காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து நடுவில் விரித்து, அதன் பையில் எக்ஸ்ரேயைச் செருகினாள். உடைந்த கை ஒன்று சட்டைப் பையிலிருந்து எழுந்து வந்தது.

விஜயராகவன் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அக்கா, நீங்க ஒரு ஆர்ட்டிஸ்ட்."

அந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் சுற்றினாள். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம்மிடம் யாராவது சொல்லியிருந்தால் நாமும் அப்படித்தான் சுற்றியிருப்போம்.

"செவுத்துல மாட்டி ட்ரையல் பாக்கணும் சார். எங்க தொங்குது, எங்க இழுக்குதுன்னு பாத்துட்டு பக்கா தையல் போட்டுத் தரேன். சொல்லியனுப்புங்க," என்று கொடுத்தனுப்பினாள். சொல்லியனுப்புகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

அஞ்சு மணிக்குக் கணவனும் மனைவியும் போய் இறங்கினார்கள். ஜீனத் பர்தாவுக்குமேல் கைப்பையை மாட்டிக்கொண்டு, உள்ளே ஊசி, நூல், கத்தரி எல்லாம் வைத்திருந்தாள். நம்புங்கள், பக்கா தையல் போட்டுக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள்.

கூடத்தில் நாற்பது ஐம்பது பேர். அந்த இடத்தை நடத்தும் சிவசங்கரி வாசலிலேயே கையில் சர்பத் கொடுத்தாள். எதிர்ச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில், அந்தச் சாக்கு. ஜீனத் சர்பத்தைக் குடிக்காமல் அப்படியே நின்றாள். தான் செய்ததை அவ்வளவு தள்ளி நின்று அவள் பார்த்ததே இல்லை. அழகாக இருந்தது. தகரம் சரியாகப் பாரம் கொடுத்தது, சட்டை ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது.

பக்கத்தில் ஒரு சிறிய அட்டை. தமிழிலும் இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் அச்சடித்திருந்தார்கள். 'விஜயராகவன். சாக்கு, தகரம், ரப்பர், துணி, எக்ஸ்ரே, நூல், அக்ரிலிக்.' அவள் தமிழை இரண்டு முறை படித்தாள். அதில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடினாள். நூல் என்ற இடத்தில் இருக்கிறாள் போலிருக்கிறது.

விஜயராகவன் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இந்தச் சிவப்பு நூல் வெறும் நூல் இல்ல. உழைக்கிறவனோட ரத்தம். இந்தக் கை, பேரில்லாத ஓர் உழைப்பாளியோட கை."

எல்லோரும் தலையாட்டினார்கள். ட்ரையலுக்குப் போட்ட ஓட்டுத் தையலை ரத்தம் என்கிறாரே என்று ஜீனத்துக்குச் சிரிப்புதான் வந்தது. பேரில்லாத கை என்றதும் சிரிப்பு நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள். எக்ஸ்ரேயின் மூலையில், அவள் பெயர் இருந்த இடத்தில், கறுப்புப் பெயின்ட் ஒரு விரல் அகலத்துக்குப் பூசியிருந்தது.

அவளுக்குக் காது சுட்டது. அட்டையில் விட்டுப்போயிருந்தால் மறதி என்று வைத்துக்கொள்ளலாம். பிரஷ்ஷை எடுத்து, பெயின்டில் தோய்த்து, இடம் பார்த்துப் பூசுவது மறதி ஆகுமா?

"சார்," என்றாள்.

திரும்பிப் பார்த்த விஜயராகவனின் முகம் ஒரு விநாடி செத்துப் பிழைத்தது. "வாங்கக்கா, வாங்க. சாப்ட்டீங்களா? அப்புறமா பேசலாம். கூலியை இன்னும் தரல, இல்ல? எவ்ளோன்னு சொல்லுங்க."

"கூலிக்கு வரல சார். என் பேரைக் காணோம், அதைக் கேக்க வந்தேன்."

"இவ்ளோ பேரு முன்னால வேணாங்கா."

"இவ்ளோ பேரு முன்னால தானே மாட்டியிருக்கீங்க."

சொல்லிக்கொண்டே ஃபிலிமின் மூலையில் நகத்தை வைத்துக் கீறினாள். வழவழப்பில் பெயின்ட் எங்கே பிடிக்கும்? தோலாக உரிந்து கையோடு வந்தது. சிவசங்கரி குனிந்து எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

"ஜீனத்துன்னிசா. நாற்பத்து ரெண்டு. யாருங்க இது?"

"நாந்தாம்மா. இப்ப நாப்பத்து நாலு."

பின்னால் அன்வருதீன், "சட்டை என்னுது," என்றார், யாரும் கேட்காமலே.

விஜயராகவன் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். "அக்கா, புரிஞ்சுக்குங்க. இதுல இருக்கிறதெல்லாம் மெட்டீரியல். தகரம் செஞ்சவன் பேரைப் போடுறமா? ட்யூப் கம்பெனி பேரைப் போடுறமா?"

"தகரம் எங்க உக்காரணும்னு தகரமா சொல்லிச்சு? நான் சொன்னேன். ட்யூபை வெட்டாதீங்கன்னு ட்யூபா சொல்லிச்சு? அந்தக் கையைப் பையில வெச்சது யாரு சார்? நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்குறேன்."

சிவசங்கரி நல்ல பெண், நடுவில் புகுந்தாள். "சார், அட்டையில சேத்துடலாமே. இப்பவே பேனாவுல எழுதிடறேன்."

"சரி," என்றார் விஜயராகவன், பெரிய மனது பண்ணி. "கீழ சின்னதா, தையல் உதவி, ஜீனத்துன்னு போட்டுடுங்க."

"உதவின்னா ஊசியில நூல் கோத்துக் குடுக்கிறது," என்றாள் ஜீனத். "இது ரெண்டு பேரும் சேந்து செஞ்சது. ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல வரணும். அவ்ளோதான் நான் கேக்குறது. போட்டீங்கன்னா இங்கியே உக்காந்து பக்கா தையல் போட்டுத் தரேன்."

"அது நடக்காதுக்கா. இது என் வேலை."

"கட்டக் கடேசியா கேக்குறேன் சார்."

"என் வேலைன்னா என் வேலைதான்."

ஜீனத் அன்வருதீனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர், அந்தப் பார்வை தெரியாதா? வந்து பக்கத்தில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

சட்டையின் கீழே தொங்கிய சிவப்பு முனையை அவள் விரலில் சுற்றி இழுத்தாள். நூல் சரசரவென்று வந்தது. சாக்கின் நெசவு நெருக்கமில்லாதது, ஓட்டுத் தையலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? விஜயராகவன் ஐயோ என்று ஓடிவந்தார். அதற்குள் காக்கிச் சட்டை பையோடும் கையோடும் அன்வருதீன் கையில் இறங்கிவிட்டது. அடுத்த முனை. ரவிக்கைத் துண்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, பச்சை, ராமர் நீலம், மஞ்சள். அவள் பார்த்துப் பார்த்து அடுக்கியவை. அவளுக்குப் பெற்ற பிள்ளையை அடிக்கிற மாதிரிதான் இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

கடைசி முனையை இழுக்கும்போது தகரத்தை இடது கையால் தாங்கிப் பிடித்து, சத்தம் வராமல் தரையில் வைத்தாள். சைக்கிள் ட்யூபைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள்.

"இது ரெண்டும் உங்களுது சார். பத்திரமா வெச்சுக்குங்க."

துணிகளைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டாள். சிவசங்கரியும் குனிந்து இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தாள். ஜீனத் எக்ஸ்ரேயைச் சட்டைப் பையிலிருந்து உருவி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கையும் பெயரும் தெளிவாகத் தெரிந்தன. சிவப்பு நூலைச் சுருட்டி முடிந்துகொண்டாள், வீணாக்குவானேன்.

சுவரில் ஒரு சாக்கு மிச்சம் தொங்கியது. வரிசையாக ஊசி ஓட்டைகள், அங்கங்கே மண் நிறத்தில் பட்டை பட்டையாகப் பெயின்ட். தகரத்தின் பாரம் போனதால் நடுவில் தொப்பை போட்டிருந்தது. ஐம்பது பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிவசங்கரி பேனாவும் கையுமாக அட்டைக்குப் பக்கத்தில் விழித்தாள்.

"பேரை மாத்த வேணாம்மா," என்றாள் ஜீனத்துன்னிசா. "இப்ப பேரு சரியா இருக்கு. சாக்கையும் பெயின்டையும் விட்டுட்டு மிச்சத்தை அடிச்சுடு. மொதல்ல நூலை."