இரண்டாவது மருதாணி

மாப்பிள்ளையின் தாய் தில்ஷாத்தின் மூத்த மருமகள் டோலக்கைத் தட்டிக்கொண்டே ஒரு வரி பாடினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் சுக்ராவைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னவென்று புரியாமல் சுக்ராவும் சிரித்துவைத்தாள். மத்திகிரியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கூடத்தில், முகமெல்லாம் மஞ்சள் பூசி அவள் மகள் வஜிஹா உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை நிக்காஹ்.

கணவருக்குக் கம்பெனி வேலை கிடைத்து சிவகங்கைப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஓசூரில் எட்டு வருடம் ஆகியும் சுக்ராவுக்குத் தமிழைத் தவிர எதுவும் நாக்கில் ஏறவில்லை. சம்பந்தி வீட்டார் பாகலூர்க்காரர்கள். அவளிடம் தமிழில் பேசுவார்கள், தங்களுக்குள் உருதுவில். தன் கண்ணெதிரே பேச்சு மாறும்போதெல்லாம் எதையோ மறைக்கிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றும். மாப்பிள்ளை ஜமீர் அகமது மூன்று வருடம் கோலாரில் இருந்தவன். ஏன் திரும்பி வந்தான் என்று கேட்டபோது தில்ஷாத், "தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு முனிலட்சுமிக்கு உருது தெரியும். சுக்ராவின் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன் மூக்கு கத்திரிக்காயாம். உன் குழம்புல உப்பே இல்லியாம். சம்மந்தியத் திட்டிப் பாடறதுதான் இவங்க வழக்கம், கோவிச்சுக்காதக்கா."

அடுத்த வரிக்கு அவள் வாய் திறக்கவில்லை.

"என்னடி பாடுறா?"

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லு."

முனிலட்சுமி புடவைத் தலைப்பைத் திருகினாள். "மாப்பிள்ளைக்கு இது ரெண்டாவது மருதாணியாம். மொதல் சிவப்பு இன்னும் போகலயாம்."

தில்ஷாத் இதைக் கவனித்துவிட்டாள். "அட, வெறும் பாட்டு சம்மந்தி! எல்லாக் கல்யாணத்துலயும் பாடறதுதான்."

"நான் போன கல்யாணத்துல கேட்டதில்ல" என்றாள் முனிலட்சுமி மெல்ல.

சுக்ரா அவளையும் ஒரு பார்வை பார்த்தாள். குழாயடியில் போன மாதம்தான் இருவருக்கும் சண்டை. இவள் சொல்வதை எதை வைத்து நம்புவது? ஆனால் தில்ஷாத்தின் சிரிப்பு உதட்டோடு நின்றிருந்தது. நேராகக் கேட்டால் நல்ல நாளைக் கெடுத்தாள் என்பார்கள். பாட்டுக்குப் பாட்டு பதில் சொல்வதும் அவர்கள் வழக்கம்தானே. சுக்ரா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் ஊர் நலங்குப் பாட்டு மெட்டில் எடுத்தாள்:

"மொதல் மருதாணி வச்ச கை யாரு கை சம்மந்தி?
பேரச் சொன்னா பூ முடிப்பேன், ஊரச் சொல்லு சம்மந்தி."

பெண்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். தில்ஷாத் மருமகளை முறைத்து உருதுவில் ஏதோ அதட்டினாள். மருமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. டோலக்கில் விரல்களை மெல்ல ஓட்டி, பதில் பாடினாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. பாட்டில் இரண்டு சொற்கள் சுக்ராவுக்கே புரிந்தன. மெஹரூன். கோலார்.

"வாசல்ல உக்காந்து வழி பாத்துட்டிருக்காளாம்" என்றாள் முனிலட்சுமி.

"இல்ல" என்றது ஒரு குரல். வஜிஹா. "அவங்க செத்துட்டாங்க. அவரே எங்கிட்ட சொன்னாரு."

சுக்ரா மகள் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா? அவன் எப்ப உங்கிட்டப் பேசுனான்?"

வஜிஹா தாயைப் பார்க்கவில்லை. தில்ஷாத், "அவளுக்கு எம்மேல கோவம்மா, அதான் வாய்க்கு வந்தத பாடறா" என்று எழுந்து வந்தாள். வஜிஹா அவளையும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் கற்ற அரைகுறை உருதுவில், டோலக் வைத்திருந்தவளிடம் ஒன்று கேட்டாள்.

"என்ன கேக்குறா?" என்றாள் சுக்ரா.

"அந்த மெஹரூன் உயிரோட இருக்காளா, இருந்தாளான்னு கேக்கறா."

மருமகள் டோலக்கை மடியிலிருந்து இறக்கிப் பாயில் வைத்தாள். அது மெல்ல உருண்டு போய் தில்ஷாத்தின் காலில் முட்டி நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை. வஜிஹாவின் கன்னத்தில் காய்ந்த மஞ்சள் வெடித்து, சிறு சிறு துணுக்குகளாக அவள் மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது.