மூன்று கிடாவின் ஒரே வேட்பாளர்

காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். அதற்கு மனுப் போட்டிருந்ததும் ஒரே ஒரு ஆள். இப்படிப்பட்ட தேர்தலில் தோற்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாரிஸ் ஆக்ராய்டும் அப்படித்தான் நினைத்தார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த பேச்சைச் சமையலறையில் நின்று கெட்டிலுக்கு இரண்டு முறை பேசிக் காட்டினார்.

'மூன்று கிடா', வடக்கு இங்கிலாந்தின் யார்க்ஷயரில், அந்தப் பேட்டைக்காரர்களின் சொந்த பப், பீர்க்கடை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பழைய முதலாளி அதை அடுக்குமாடி கட்டுகிறவனுக்குத் தள்ளிவிடப் பார்த்தபோது, ஸ்கார் தெருவிலும் சுற்றியிருந்த சந்துகளிலும் குடியிருந்த முன்னூற்றுச் சொச்சம் பேர் பங்கு போட்டுக் கூட்டுறவாக வாங்கினார்கள். பின்கட்டில் பாழாய்க் கிடந்த குதிரை லாயத்தில் அண்டாவும் தொட்டியும் இறக்கி, பீரையும் தாங்களே காய்ச்ச ஆரம்பித்தார்கள். ஒரு பங்கு வைத்திருந்தாலும் பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு முறை, மார்ச் மாத மழையில், பொதுக்கூட்டம் போட்டு நிர்வாகக் குழுவுக்கு ஆள் எடுப்பார்கள்.

நாரிஸுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் ஏறினால் பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். டிக்கெட் எடுத்தவர்கள்கூடத் திருட்டு முழி முழித்துக்கொண்டு பையைத் துழாவுவார்கள். மனைவி பிரிந்து போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது. ஓய்வு பெற்றபோது அவருக்குப் போக்கிடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது கிடாதான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் "வா நாரிஸ்!" என்று நாலு பேர் கூப்பிடுவார்கள். தன்னைக் கண்டு சந்தோஷப்படுகிற மனிதர்கள் உலகத்தில் இந்த ஓர் இடத்தில் இருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். குழுவில் ஓர் இடம் கிடைத்தால் அவர்கள் எல்லோரும் சேர்ந்து அதை எழுத்தில் சொன்ன மாதிரி இருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. ஜன்னலுக்கெல்லாம் அவர்தான் வர்ணம் அடித்தார். கூரைத் தகரத்தில் ஏறி இலை வாரினார். சுவரெல்லாம் அவர் எழுதி ஒட்டிய அறிவிப்புகள்: காலி கிளாஸைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கவும், நாயை நாற்காலியில் ஏற்ற வேண்டாம், ஈரக் குடையை வாசலிலேயே விடவும். "நீ இல்லேன்னா இந்த இடம் என்ன ஆகும் நாரிஸ்!" என்று சொல்லாத ஆளில்லை. நாரிஸ் அதை அப்படியே நம்பினார்.

அந்தப் பக்கத்து யார்க்ஷயர்க்காரர்களைக் கேட்டால், மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்போம் என்று மார்தட்டுவார்கள். உண்மைதான். வானிலையைப் பற்றி உடைப்பார்கள், அரசாங்கத்தைப் பற்றி உடைப்பார்கள், லண்டன்காரனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூட உட்கார்ந்து குடிக்கிற ஆளைப் பற்றி அந்த ஆளிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மனுவில் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கையெழுத்து லெஸ் பிக்கர்ஸ்கில்லுடையது. கிடாவில் செவ்வாய்க்கிழமை நடக்கும் வினாடி வினாவில் ஆறு வருஷமாக நாரிஸின் ஜோடி அவர்தான். "உனக்கில்லாத எடமா? குடு, எங்க போடணும்?" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். அடுத்தது ஜேனிஸ், கவுன்டருக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றுகிறவள். "ஒனக்குப் போடாம வேற யாருக்குப் போடப் போறேன் கண்ணு?" என்றாள். அவளுக்கு ஊரில் எல்லோரும் கண்ணுதான்.

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்கியபோது அறுபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். வறுத்த இறைச்சி மணம் இன்னும் அடங்கவில்லை. தலைவர் ஃபிலிப்பா, முன்னாள் தலைமையாசிரியை, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதியை வாசித்தார். போட்டியே இல்லாவிட்டாலும் ஓட்டெடுப்பு உண்டு. சீட்டில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று வேட்பாளருக்கு. மற்றது, இவர் வேண்டாம், மறுபடி மனு வாங்குங்கள் என்பதற்கு. அந்த இரண்டாம் கட்டத்தைச் சுருக்கமாக 'மறுமனு' என்பார்கள். அதுவரை அதற்கு நாலு ஓட்டுக்கு மேல் விழுந்ததில்லை. அந்த நாலும் எல்லாவற்றையும் எதிர்க்கிற ஒரு குடும்பத்தின் ஓட்டு.

"நாரிஸ், நீங்க பேசலாம். அஞ்சு நிமிஷம்," என்றார் ஃபிலிப்பா.

நாரிஸ் எழுந்தார். தொட்டி கழுவிய தேதிக்குப் பதிவேடு வேண்டும் என்றார். தன்னார்வ வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களின் பட்டியலைக் கதவில் ஒட்ட வேண்டும் என்றார். பிறகு, தன் வாழ்க்கையிலேயே பெருமைப்பட்ட காரியத்துக்கு வந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி கிறிஸ்மஸ் வாரம். எட்டுப் பீப்பாய் புளிச்சுப் போயிருந்துச்சு. எல்லாரும் குடிச்சீங்க, ஒருத்தரும் சொல்லல. நான் சொன்னேன். இதே எடத்துல நின்னு, அத்தனையும் சாக்கடைல கொட்டுற வரைக்கும் நகர மாட்டேன்னு சொன்னேன். இந்த பப்போட பேரு அன்னிக்குத்தான் பொழச்சுது."

அந்தப் பீரைக் காய்ச்சியவன் ஜோயல். முப்பது வயது, கிடாவின் செல்லப்பிள்ளை. அந்த வாரமே சாவியைக் கவுன்டரில் வைத்துவிட்டு லீட்ஸ் நகரத்துக்குப் போய்விட்டான். அங்கே கூடுதல் சம்பளம் கிடைத்திருக்கும் என்று நாரிஸ் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது எல்லோரும் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்ததை, தன் பேச்சில் மனம் ஒன்றிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். கேள்வி இருக்கிறதா என்று ஃபிலிப்பா கேட்டார். இல்லை. கைதட்டல் வந்தது, அளவாக.

தனக்குத் தானே போட்டுக்கொள்வதா என்று நாரிஸுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு தன் பெயருக்கு எதிரே குறி போட்டார்.

ஓட்டுச் சீட்டுகளை டாமினோ ஆடுகிற மேஜையில் கொட்டி எண்ணினார்கள். எண்ணியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடி எண்ணினார்கள். ஃபிலிப்பா தாளை வாங்கி மனதுக்குள் ஒரு முறை படித்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"நாரிஸ் ஆக்ராய்ட், ஒம்பது. மறுமனு, அம்பத்து மூணு. எடம் காலியாவே இருக்கும். ஒரு மாசம் மனு வாங்குவோம்." பிறகு, "ரொம்ப நன்றி நாரிஸ். அடுத்தது, கழிப்பறைக் கூரை."

எழுந்து போயிருக்கலாம். ஆனால் முதல் வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போக வேண்டுமென்றால் ஆறு பேர் முழங்காலை ஒதுக்க வேண்டும். இன்னொரு ஆளிடம் தோற்றிருந்தால் அவன் கையைக் குலுக்கிவிட்டு ஒரு பைன்ட் பீர் வாங்கிக் கொடுத்திருக்கலாம். இங்கே கை குலுக்க ஆளே இல்லை. ஐம்பத்து மூன்று பேருக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை, இவர் வேண்டாம் என்பது மட்டும் போதுமாக இருந்தது. இதற்கு நடுவில் கழிப்பறைக் கூரை எந்த மூலையில் ஒழுகுகிறது என்று யாரோ கேட்டார்கள். முன்பு அதை அடைத்தவர் நாரிஸ் என்பதால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "இடது பக்கம், ரெண்டாவது தகரத்துக்குக் கீழ," என்றார் நாரிஸ். அதை எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் அனுதாபம் ஆரம்பித்தது. ஜேனிஸ் கவுன்டரை விட்டு வெளியே வந்தே அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒனக்குத்தான் போட்டேன் கண்ணு."

"தெரியும் ஜேனிஸ்."

ரொட்டிக் கடைக்காரர் வந்தார். "அநியாயம்ப்பா இது. என் ஓட்டு ஒனக்குத்தான்." அவர் மனைவியும் தலையாட்டினாள். எப்போதும் நாயோடு வருகிற இரட்டையர்கள் வந்தார்கள், இரண்டு பேரும் போட்டார்களாம். தபால்காரர் போட்டாராம். எண்ணிய இருவரில் ஒருவரே காதருகில் குனிந்து, "நான் போட்டேன்ப்பா, சத்தியமா," என்றார். எண்ண வேண்டாம் என்றுதான் நாரிஸ் நினைத்தார், எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினாலு பேர் ஆகிவிட்டார்கள். விழுந்தது ஒன்பது. அதில் ஒன்று அவருடையது.

பொய் சொல்கிற முகத்தை மூன்று இருக்கைக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு காலத்தில் பஸ் டிப்போவில் பேர் வாங்கியவர் அவர். இன்றைக்கு அந்த வித்தை பலிக்கவில்லை. பதினாலு முகமும் ஒரே மாதிரி வருத்தமாக, ஒரே மாதிரி அன்பாக இருந்தன. நிஜமாகவே எட்டுப் பேர் அவருக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த எட்டுப் பேர் யார் என்று மட்டும் தெரிந்தால் அவர்கள் காலில்கூட விழுந்திருப்பார். இனி அது தெரியப் போவதே இல்லை.

லெஸ் மட்டும் வரவில்லை. வாசல் சாரலுக்கு ஒதுங்கி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நாரிஸ் வெளியே போய்ப் பக்கத்தில் நின்றார்.

"லெஸ், நீ எனக்குப் போட்டியா?"

"என்ன கேள்வி இது?"

"உள்ள பதினாலு பேரு போட்டேங்கிறாங்க. நீயாவது உண்மையைச் சொல்லு."

லெஸ் மழையைப் பார்த்தார். "இல்ல."

"என் மனுல மொதக் கையெழுத்து உன்னுது."

"நேர்ல கொண்டுவந்து நீட்டின. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? வேற எவனாச்சும் நிப்பான், ஜெயிப்பான், பிரச்சினை முடிஞ்சுதுன்னு இருந்தேன். ஒருத்தனும் நிக்கல."

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பே பண்ணல. நீ எப்பவும் சரியாத்தான் சொல்ற. ஜோயலோட பீரு புளிச்சுதான் இருந்துச்சு, எனக்கே தெரியும். தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? அவன் பொண்டாட்டி புள்ளத்தாச்சியா உன் எதுத்த மேஜைலதான் உக்காந்திருந்தா. அவ முன்னாடி வெச்சு அவன் மானத்தை வாங்கின."

"கெட்டுப்போன பீரை எப்படி லெஸ்..."

"பாத்தியா? இதான்." லெஸ் குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "வாரம் பூரா மாரடிச்சுட்டு ஒரு மணி நேரம் நிம்மதியா உக்காரலாம்னு வர்றோம். நீ கதவைத் தொறந்தாலே எல்லாரும் நாற்காலில இருந்து காலை எடுத்துடுறோம். எதுவுமே பண்ணாதவனுக்கும் ஏதோ பண்ணிட்ட மாதிரி இருக்கு."

"எட்டு வருஷம் லெஸ். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வராமப் போயிடுவ."

ஒரு நொடி நாரிஸின் நெஞ்சு இளகியது. வராமல் போய்விடுவேன் என்று பயந்திருக்கிறார்கள்.

"அப்புறம் திங்கக்கெழம காலைல பீர்க் குழாயெல்லாம் யாரு கழுவுறது?" என்றார் லெஸ். "அந்த மருந்து நெடில மூணு மணி நேரம். வேற எவன் செய்வான், சொல்லு?"

கேலியாகச் சொல்லவில்லை. மனசில் இருந்ததை, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, பட்டென்று உடைத்தார். அவ்வளவுதான்.

கதவு திறந்தது. ஃபிலிப்பா குடையை விரித்துக்கொண்டே நின்றார். "நாரிஸ், இதை மனசுல வெச்சுக்காதீங்க. யாருக்கும் உங்க மேல ஒண்ணும் கிடையாது." கொஞ்சம் தயங்கினார். "நாளைக்கு வழக்கம்போல ஒம்பது மணிதானே?"

சொல்வதற்கு நாரிஸிடம் எவ்வளவோ இருந்தது. பப்பின் சாவி சட்டைப்பையில்தான் இருந்தது, எடுத்து ஃபிலிப்பாவின் கையில் வைத்திருக்கலாம். ஐம்பத்து மூன்று பேரும் முறை வைத்துக் கழுவட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும்.

"ஆமா," என்றார். "ஒம்பது மணி."

மறுநாள் போனார். ஆளில்லாத பப்பில் கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குழாயிலும் மருந்து ஏற்றி, ஊற விட்டு, நெடி அடங்கும் வரை பச்சைத் தண்ணீர் இழுத்துவிட்டார். கடைசியில் வழக்கம்போல அரை கிளாஸ் பீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கதவு திறப்பார்கள். பதினொன்றே முக்காலுக்கெல்லாம் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார்.

அதற்கு அடுத்த திங்களும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும். செவ்வாய்க்கிழமை வினாடி வினாவுக்கு லெஸ் வேறு ஜோடி பார்த்துக்கொண்டார். மாதக் கடைசியில் குழுவுக்கு ஆள் கிடைத்தான், சிரித்த முகம், பேட்டைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன். மற்ற ஆறு நாளும் நாரிஸ் வரவில்லையே, என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. நாரிஸ் தோல்வியை நல்லபடியாக எடுத்துக்கொண்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை போகாவிட்டால் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் இல்லை என்பது யாருக்காவது தெரிய வருகிற நாள் வாரத்தில் அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட அவரால் முடியவில்லை.