பக்கத்து சீட்டு பிரேக்

மாஸ்டருக்கு அந்த ஊரில் பாதிப் பேர் சிஷ்யர்கள். பல் டாக்டர் முதல் ரொட்டிக் கடைக்காரர் வரை அவரிடம்தான் கார் ஓட்டப் பழகினார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் முதல் நாளே நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, கதவை அறைந்து சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போனாள். அவர் பெண்டாட்டிதான். அவர் போட்ட சத்தம் அப்படி. பிறகு அவள் சத்தமில்லாமல் வேறொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். பார்த்தார். "ம்" என்றார். தண்ணீர் கேட்டார்.

அவள் திரைச்சீலை தைப்பவள். இத்தனை நாள் ஜன்னல் ஜன்னலாக வந்த வேலை, இப்போது ஒரு பெரிய விடுதியாகவே வந்திருந்தது. அறைக்கு அறை திரை. தைத்துக் கொண்டுவந்து மாட்டியும் கொடுக்கவேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் வேலை என்று விடுதி மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். துணி உருளைகளும் திரைக் கம்பிகளும் சின்னக் காரில் அடங்காது. புது வேன் வாங்கக் கையில் பசை இல்லை. பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றுதான் கட்டுப்படியாகும். கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கி ஒரு அறை மாதிரி இருக்குமே, அந்த வண்டி.

"நீயா போய் ஏமாந்துடாதே, நான் வந்து பாக்கறேன்" என்றார் மாஸ்டர். அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

மாஸ்டர் வண்டி பார்க்கும் விதமே தனி. மற்றவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள். அவர் உட்கார்ந்து பார்ப்பார். வாழ்நாளில் பாதி அவருக்கு ஓட்டுபவரின் பக்கத்து சீட்டிலேயே போயிருந்தது. வண்டியின் குணம் அங்கேதான் தெரியும் என்பது அவர் கட்சி. ஆகவே அவள் ஓட்டினாள், அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் வண்டியிலிருந்து இறங்கி, "பிரேக் போதாது" என்றார். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில், "இதுல போனா நேரா ஆஸ்பத்திரிதான்" என்று ஒரு படி மேலே போனார். அவள் காலுக்குப் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஆனாலும் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவரிடம் நாம் என்ன வாயாடுவது என்று விழுங்கிக்கொண்டாள். வண்டிக்குள் வைத்துப் பார்க்க வீட்டிலிருந்து ஒரு எட்டடிக் கம்பியை ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் தூக்கி வந்து, கண்டக்டரிடம் பேச்சு வாங்கி, வைத்தே பார்க்காமல் திரும்பத் தூக்கிப் போனாள்.

நாலாவது வண்டி ஒரு டிரம்ஸ்காரருடையது. கச்சேரிகளுக்கு டிரம்ஸ் ஏற்றிப் போன வேகன். முதுகுவலி வந்து வாசிப்பை விட்டதால் விற்கிறார். பெயின்ட் வெளுத்திருந்தது, எஞ்சின் ஒழுங்காக ஓடியது, விலை கையைக் கடிக்கவில்லை. விடுதிக்குப் பதில் சொல்லவேண்டிய கடைசி நாளும் அதுதான். அவள் ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில் உட்கார, டிரம்ஸ்காரர் பின்னால் ஏறிக்கொண்டார். கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினார்கள்.

மாஸ்டர் இறங்கினார். "பிரேக்..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று டிரம்ஸ்காரர் குறுக்கிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் காலாலயும் வாசிச்ச ஆளு, கண்ணு அங்கதான் போகும். வழியெல்லாம் உங்க வலது காலு தரையைப் போட்டு மிதிச்சுக்கிட்டே வந்துச்சே, அது என்ன தாளம்?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கால்விரிப்பு கசங்கி மேலே ஏறிக் கிடந்தது. ஸ்கூல் வண்டியில் அந்த இடத்தில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. இங்கே வெறும் தகரம்தான். தகரத்தை மிதித்தால் எந்த வண்டி நிற்கும்?

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோயிற்று. மூன்று வண்டி. மூன்றும் நல்ல வண்டி.

"அப்போ பிரேக்ல கோளாறு இல்ல" என்றாள். "நான் ஓட்டுறதுலதான் உங்களுக்கு நம்பிக்கை இல்ல. அதை நேராச் சொல்லியிருக்கலாமே? ஒரு வேலையே கைவிட்டுப் போகப் பாத்துச்சே!"

மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டிரம்ஸ்காரர் தன் வீட்டு கேட்டைத் துடைப்பதில் மும்முரமானார்.

அவள் பின்கதவைத் திறந்து, பின்சீட்டின் ஒரு பாதியை மடக்கி, அன்றும் தூக்கி வந்திருந்த கம்பியைத் தள்ளினாள். முன்பக்கத்து சீட்டில் இடித்தது. அந்தச் சீட்டையும் படுக்கப் போட்டாள். கம்பி டாஷ்போர்டு வரை நீட்டிப் படுத்துக்கொண்டது. "லோடு இருந்தா எப்படிப் போகுதுன்னு இன்னொரு தடவை பாக்கணும். வர்றதுன்னா பின்னால உக்காருங்க."

மிச்சமிருந்தது அவள் முதுகுக்குப் பின்னால் ஒரே ஓர் இடம். மாஸ்டர் முட்டியை மடக்கிக்கொண்டு ஏறினார். டிரம்ஸ்காரர், "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று நாசூக்காக ஒதுங்கிவிட்டார்.

பின்னாலிருந்து பார்த்தால் ரோடே தெரியவில்லை. அவள் கொண்டையும் சீட்டின் கிழிசலும்தான் தெரிந்தன. முதல் திருப்பத்தில் அவர் கால் தானாக உதைத்து, முன்சீட்டில் இடித்து வலித்தது. அடக்கிக்கொண்டார். யோசித்தார். பக்கத்தில் இருக்கும் ஆள் தப்புப் பண்ணுவார் என்று காத்திருப்பதற்குத்தான் இத்தனை வருஷமாக அவருக்குச் சம்பளம். அந்தக் காத்திருப்பை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து, இவளிடமும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார். அவள் தைத்ததைக் கூட ஒரு முறை இழுத்துப் பார்த்துத்தான் நன்றாயிருக்கிறது என்பார். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அது காதில் விழுந்தது. அவள் ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முனகியபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் இருந்தபோது ஒரு நாளும் முனகியதில்லை. என்ன பாட்டு என்று பிடிபடாமல், அதையே கேட்டுக்கொண்டு வந்தார். வண்டி டிரம்ஸ்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதே அவருக்குத் தெரியாது.

அவள் எஞ்சினை அணைத்தாள். திரும்பாமல், கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"சொல்லுங்க மாஸ்டர். பிரேக் எப்படி?"

"பிரேக்கா?" அவர் விழித்தார். "நீ எங்க பிரேக் போட்டே?"

"வழி நெடுக! கடைத்தெருவுல ஒரு சைக்கிள் குறுக்க பாய்ஞ்சுதே, அதுக்குக்கூடத்தான்."

மாஸ்டரிடம் பழகிய இத்தனை பேரில் ஒருத்தரைப் பற்றியும் சொல்லியிராத வார்த்தை ஒன்று அவர் வாயில் வந்தது.

"எனக்குத் தெரியவே இல்லம்மா" என்றார்.