மால்தேயின் ரத்தத்தில் யாருடைய செல்கள்

1

இந்தக் கதை ஒரு கேக்கிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் விபெகேயுடையது. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வகத்தில் யார் தப்புச் செய்தாலும் மறுநாள் கேக் கொண்டுவர வேண்டும். இங்கே டென்மார்க்கில் பல இடங்களில் இருக்கிற வழக்கம்தான். குழாயை உடைத்தால் கேக், பெயரை மாற்றி ஒட்டினால் கேக். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒரு தடவை கேக் கொண்டுபோனேன், ஒருத்தரும் தொடலை" என்றாள். நானும் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் இரண்டே வாக்கியம் கிடைத்தது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

(நகரத்துக்குப் பெயர் வைக்கவில்லை. மருத்துவமனையின் பெயரைக் கேட்கவே கேட்காதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வீட்டிலேயே இருந்து படித்தான். இளையவன் வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனான், அங்கே அவனோடு சேர்ந்த நூறு பேரில்—

அடித்துவிட்டேன். செல்லுக்கு மீசை வரைவது எனக்குப் பிடிக்காது. நேராகவே சொல்கிறேன். கிருமியோடு சண்டை போடும் பி செல், டி செல் இரண்டுமே எலும்பு மஜ்ஜையில்தான் தொடங்குகின்றன. பி செல் பெரும்பாலும் அங்கேயே வளர்ந்து ஆளாகிறது. டி செல் மட்டும் இளசாக இருக்கும்போதே கிளம்பி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இதயத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் தைமஸ் என்ற சுரப்பிக்குப் போய்விடுகிறது. அங்கே இரண்டு தேர்வு. சொந்த உடம்பின் அடையாளத்தைப் படிக்கத் தெரியாத செல் சாகும். சொந்த உடம்பையே அடிக்கப் பாயும் செல்லும் சாகும். நூறில் நாலைந்து வெளியே வந்தால் பெரிது.*

* தேர்வு என்றதும் பள்ளிக்கூடம் மறுபடி உள்ளே வந்துவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.

3

மால்தேக்கு ஐந்து மாதம். இருமல் விடவில்லை, வாயெல்லாம் வெள்ளை படர்ந்திருந்தது, எடை ஏறவில்லை. மருத்துவர் பிரேபன் குழந்தையின் ரத்தத்தை விபெகேக்கு அனுப்பினான். (இங்கே மருத்துவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆகவே எல்லோருக்கும் ஒருமை.) டி செல் இருக்கிறதா, பி செல் இருக்கிறதா? அவன் கேட்டது அவ்வளவுதான். டி செல் இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. சாதாரணச் சளி கூட அவர்களைக் கொண்டுபோய்விடும்.

விபெகேயின் கருவி செல்களை ஒற்றை வரிசையில் ஒளிக்கு முன்னால் ஓடவிடும். ஒரு செல்லுக்குத் திரையில் ஒரு புள்ளி. பி செல் நிறைய இருந்தது. டி செல் கொஞ்சம் குறைவு, ஆனால் இருந்தது. இரண்டும் உண்டு என்று பதில் போட்டாள். பயப்பட ஒன்றுமில்லை என்று தாய் சிக்னேயிடம் சொல்லி, பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவைத்தான் பிரேபன்.

கொஞ்ச நாளில் சிக்னே திரும்பி வந்தாள். பிள்ளைக்கு மூச்சு இரைத்தது. உடம்பெல்லாம் சிவந்து தடித்திருந்தது. பிரேபன் விபெகேக்கு போன் செய்தான்.

"உன் திரையில டி செல் இருக்கு. பையனைப் பாத்தா இல்லாதவன் மாதிரி இருக்கான்."

"என் மெஷின் பொய் சொல்லாது."

"அது சொல்லாது. நாமதான் தப்பாக் கேட்டுட்டோம் போல. அதெல்லாம் புதுசா பழசான்னு பாரு."

தைமஸிலிருந்து புதிதாக வந்த டி செல்லையும், வருஷக்கணக்காகக் கிருமிகளோடு மல்லுக்கட்டிய டி செல்லையும் அதனதன் மேலிருக்கும் அடையாளத்தைக் கொண்டு பிரித்துவிடலாம். கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் புதிதாகத்தான் இருக்கவேண்டும். மால்தேக்குப் புதிது ஒன்றுகூட இல்லை.

"இது அஞ்சு மாசப் பிள்ளையோடது இல்லை, பிரேபன். அடிபட்டுத் தேறின பெரிய ஆளோடது."

அவன் பிள்ளையின் தடிப்பை மறுபடி பார்த்தான். பிறகு, "அம்மாவோடது" என்றான்.

வயிற்றில் இருந்தபோதே சிக்னேயின் செல்கள் பிள்ளைக்குள் கடந்து வந்திருந்தன. வேறு குழந்தையாக இருந்தால் விரட்டியிருக்கும். இவனிடம் விரட்ட ஆளில்லை. குரோமோசோமைப் பார்த்தபோது சந்தேகமே இல்லாமல் போனது: பையனின் ரத்தத்தில் ஓடிய டி செல் அத்தனையும் ஒரு பெண்ணுடையவை.

4

இந்த இடத்தில் விபெகேயை அழவிட்டிருந்தேன். வரைவை அவள் மொழியில் அவளுக்குச் சொல்லிக் காட்டினேன்.

"நான் எங்கே அழுதேன்? கண்ணாடில ஆவி படிஞ்சா வேலை பாக்க முடியுமா? அடுத்த குழாயை எடுத்தேன்."

சரி, அழவில்லை. கேக் கொண்டுபோனாள், மேலே தேங்காய்த் துருவல் போட்டது. கூட வேலை பார்க்கும் எய்னர், "எத்தனை குழாய் போச்சு?" என்று சிரித்தபடி கத்தியை எடுத்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். அப்போது பிரேபன் உள்ளே வந்து தன் பங்குக்கு ஒரு கேக்கை வைத்தான்.

"நீ எதுக்குக் கொண்டுவந்தே?"

"இருக்கான்னு கேட்டேன். யாரோடதுன்னு கேக்கலையே. தப்பு என்னுது."

"சும்மா இரு. எண்ணினது நான்."

"நல்லா இருக்கு," என்றான் எய்னர். "ரெண்டு கேக்கு, தின்ன ஆளில்லை."

அன்றிலிருந்து அங்கே கைக்குழந்தையின் டி செல்லை எண்ணினால், புதிது எத்தனை என்பதையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

5

சிக்னேயை நான் பார்த்ததே இல்லை. முழுக்க நான் உண்டாக்கியவள். அதனாலேயே அவள் முன்னால் போய் நிற்க எனக்குப் பயம், பிரேபனை அனுப்பினேன். மால்தேயைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். அவள் முகமூடியும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் தடிப்பு எதனால?"

"உன் செல்லு அவனை வேத்தாளுன்னு நெனைச்சு அடிக்குது."

"அவனுக்கு முத்தம் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி எனக்கு இதையெல்லாம் மாட்டிவிட்டிருக்கீங்க," என்றாள் சிக்னே. "நான் உள்ளயே இருக்கேனே."

பிரேபனுக்கு இதற்குப் பதில் எழுதித் தர என்னால் முடியவில்லை. [இரண்டு பத்தி எழுதி நீக்கிவிட்டேன்.] அவன் வேலை விஷயத்துக்குப் போனான்.

"உன் மஜ்ஜை வேணும். அவன் அப்பாவோடது மாதிரி உன்னோடதும் பாதிதான் பொருந்தும். ஆனா உன்னோடது அவனுக்குள்ள ஏற்கெனவே தங்கியிருக்கு."

"மறுபடியும் அதே செல்லா?"

"இல்லை. இன்னும் ஒண்ணும் படிக்காத செல்லு. அவன் தைமஸ்ல போய்ப் படிச்சு வந்தா அவனை அடிக்காது, காப்பாத்தும்."

"அவனுக்குத் தைமஸ் இருக்கா?"

"இருக்கு. சுருங்கிக் கிடக்கு. ஆள் போனா முழிச்சுக்கலாம்."

"முழிச்சுக்கும்னு சொல்லு."

"சொல்ல முடியாது, சிக்னே. மாசக்கணக்காகும்."

6

பழைய செல்களை மருந்தால் ஒழித்துவிட்டு மஜ்ஜை ஏற்றினார்கள். மாதங்கள் போயின. மால்தேயின் ரத்தம் மறுபடி விபெகேயிடம் வருகிறது.

முடிவு அ: புதிய டி செல்கள் திரையை நிறைக்கின்றன. சிக்னே கையுறையைக் கழற்றி— எழுதும்போதே கூசியது. அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட நான் யார்?

முடிவு ஆ: திரை காலி. எழுதி முடித்தேன். கிழித்துப் போட்டேன்.

கடைசியில் விபெகேயிடமே கேட்டேன்: "அந்தப் பையன் என்ன ஆனான்?"

"நோயாளி விஷயம். உனக்கு ரெண்டு வாக்கியம் சொன்னதே அதிகம்."

உருளைக்கிழங்குச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். குனிந்த முகத்தில் எனக்கு என்ன தெரியும்.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். குழாய் கருவியில் ஏறிவிட்டது. பி செல்கள் வந்துவிட்டன. பழைய டி செல்கள் இல்லை. திரையில் புதியவை விழவேண்டிய கட்டம் வெள்ளையாக இருக்கிறது. இரண்டு மாடி மேலே சிக்னே கையுறையோடு உட்கார்ந்திருக்கிறாள். பொறுக்க முடியாமல் அந்தக் கட்டத்தில் நான் ஒரு புள்ளி வைக்கிறேன்.

.

ஒன்று போதாது. நீங்களும் வையுங்கள்.