எவரிஸ்தோவின் வலது தோள்

என் கணவர் எவரிஸ்தோவுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்த அன்றே எங்கள் தெரு முழுக்க டாக்டர்கள் ஆகிவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் ஒரு தைலம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பச்சிலை சொன்னாள். என் தம்பி தூலியோ ஒரு பாட்டிலில் பாம்புக் கொழுப்போடு வந்து நின்றான். எல்லாருடைய பேச்சையும் என் கணவர் தலையாட்டிக் கேட்டார். அவர் காதில் போட்டுக்கொள்ளாதது ஒரே ஒருவர் பேச்சைத்தான். அவர் டாக்டர் பாரியாஸ், கத்தி வைத்தவர்.

என் கணவருக்கு வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற வேலை. ஏணியில் நின்று கையைத் தூக்கித் தூக்கியே தோளின் தசைநார் கிழிந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார், வருகிறவர் போகிறவரிடம் சொன்னார், பாதிரியாரிடம்கூடச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அதைக் கிழித்தது எது என்று எனக்குத் தெரியும். சப்பரம்தான்.

எங்கள் ஊர் ஆன்டிகுவாவில் பிறந்த ஆணுக்குத் தவக்காலம் வந்துவிட்டால் தோள் தன்னுடையது இல்லை. சிலுவை சுமக்கும் ஆண்டவரின் சப்பரத்தை ஒரு தெருவுக்கு ஒரு குழு என்று மாற்றி மாற்றித் தூக்குவார்கள். அதற்கு முன்னால் ஊர்வலம் நடத்தும் கோயில் சபையார் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, தரையிலிருந்து தோள் வரை அளந்து, ஒரே உயரக்காரர்களை ஒரே குழுவில் போடுவார்கள். அப்போதுதான் பாரம் எல்லார் தோளிலும் ஒழுங்காக உட்காரும். நெட்டைகளுக்குக் கோயில் வாசலிலிருந்து சப்பரத்தை வெளியே எடுக்கும் முதல் தெரு. பேண்டு வாத்தியம், மேளம், போட்டோ, ஊதா அங்கிக் கூட்டம் எல்லாம் அங்கேதான். குள்ளர்களுக்குச் சந்தைக்குப் பின்னால் ஒரு முடுக்கு.

என் கணவர் குள்ளம். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை, அளவுகோல் சொல்கிறது. ஆனால் இவர் அளவுகோலுக்கு அடங்குகிற ஆளா? செருப்புக்கடையில் சொல்லி அடிப்பாகம் தடித்த சப்பாத்து செய்துகொண்டார். அங்கியின் தோளுக்குள் தோலையும் பழைய கம்பளியையும் மடித்து என்னையே தைக்கச் சொன்னார். இப்படி நெட்டைகள் குழுவில், தூலியோவுக்கு முன்னால் இடம் பிடித்து, வருஷா வருஷம் நின்றார். தோளுக்குப் பொய் சொல்லத் தெரியாதே, அது ஒரு நாள் கிழிந்துவிட்டது.

மருத்துவமனையிலிருந்து வந்தபோது கை முழுக்க மரத்துப்போயிருந்தது. சோபாவில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தெல்ஃபினா, இது என் கை மாதிரியே இல்லடி.”

“கவலப்படாத, மருந்து இறங்கட்டும். உன் கைதான்னு நல்லாவே தெரிஞ்சுடும்.”

இறங்கியது. அப்புறம் அவர் கூப்பிடாத புனிதர் ஒருவர் பாக்கி இல்லை.

டாக்டர் பாரியாஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஆறு வாரம் கையைத் தாங்கும் கைப்பட்டை கழுத்தில் தொங்க வேண்டும், தூக்கத்திலும்தான். படுக்க முடியாது, சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்க வேண்டும். முதலில் இன்னொருவர் கையை அசைப்பார், பிறகு தானாக அசைக்கலாம், அதற்கும் பிறகுதான் பலம் சேர்க்கிற பயிற்சி. பாரம் என்கிற பேச்சே இந்த வருஷம் கூடாது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்று சொன்னார்.

“இங்க பாருங்க எவரிஸ்தோ, மறுபடி கிழிஞ்சா நான் திரும்பத் தைக்க அங்க நல்ல சதை மிச்சமில்ல. அப்புறம் பிரஷ்ஷ விடுங்க, தலை வாரக்கூட அந்தக் கை மேல போகாது.”

இவர் தலையாட்டினார். ரொட்டிக்கடைக்காரரின் தைலத்துக்கு ஆட்டிய அதே ஆட்டம்.

அந்த ஆறு வாரம் என் வீட்டில் ஒரு மகாராஜா உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் நான், பெல்ட் நான், தலைக்கு ஷாம்பூ நான், கறுப்பு பீன்ஸைச் சோளரொட்டியில் சுருட்டி வாயருகே நீட்டுவதும் நான். வலி மாத்திரை வயிற்றைக் கட்டிவிட்டது. அதற்கும் பப்பாளி நறுக்க நான். ஐஸ் பொட்டலம் குளிர்கிறது என்பார், எடுத்தால் சுடுகிறது என்பார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததை யுத்தத்துக்குப் போய் வந்தது போலத் தெருவுக்கெல்லாம் விவரிப்பார். எங்கள் சபை நண்பர்கள் மாலையில் வந்து என் காப்பியைக் குடித்துவிட்டு, “ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு வாரம்தான்பா” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவன்கூட இவருக்கு ஒரு காலுறை மாட்டிவிடவில்லை.

பட்டை கழன்றபோது தோள் மரக்கட்டை போல இறுகியிருந்தது. பயிற்சி கொடுக்க வந்தவள் நொயேமி என்கிற பெண். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டச் சொன்னாள். சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றச் சொன்னாள். கதவில் கப்பி மாட்டி, நல்ல கையால் கெட்ட கையை இழுக்கச் சொன்னாள். ஊரில் பாதிச் சுவர்களுக்கு வண்ணம் அடித்தவர் ஒரு சுவரில் விரலை நெஞ்சுயரம் ஏற்ற முடியாமல் அழுததை நான் பார்த்தேன். அப்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

மெல்ல மெல்லக் கை ஏறியது. காதுக்கு வந்தது, நெற்றிக்கு வந்தது. கையோடு சேர்ந்து திமிரும் ஏறியது. தவக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் தடித்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். திரும்பி வந்தபோது முகம் புதுமாப்பிள்ளை போல இருந்தது.

“அளவு குடுத்துட்டு வந்துட்டேன். அதே குழு, அதே எடம்.”

“யோவ், உனக்குப் பைத்தியமா? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?”

“டாக்டருக்கு ஆண்டவரப் பத்தி என்னடி தெரியும்?”

“ஆண்டவருக்கு உன் தசைநாரப் பத்தித் தெரியும்ல? சரி, எடது தோள்ல தூக்கித் தொலையேன். அந்தப் பக்கம் போய் நில்லு.”

“முப்பது வருஷமா அவர் என்னை இந்தப் பக்கம்தான் பாத்திருக்கார். அந்தப் பக்கம் நின்னா யாரோன்னு நெனச்சுக்குவார்.”

உலகத்தைப் படைத்தவருக்கு இவர் பக்கம் மாறி நின்றால் அடையாளம் தெரியாதாம்! நான் கத்தினேன், தட்டைப் போட்டு உடைத்தேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். எதுவும் நடக்கவில்லை. சபைக்குப் போய்ச் சப்பாத்துக் கதையைச் சொன்னால் அடுத்த நிமிஷமே பெயரை அடித்துவிடுவார்கள். ஆனால் அந்த அவமானத்தோடு இந்த மனிதர் இந்த ஊரில் உயிரோடு நடமாட மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

தூலியோவிடம் போனேன். அவனாவது தடுப்பான் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். பாம்புக் கொழுப்புக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“விடுக்கா. மச்சான் இருக்கிற உசரத்துக்கு அந்தக் கம்பளியும் சப்பாத்தும் இல்லன்னா சப்பரம் அவரைத் தொடவே தொடாது. சும்மா அடியில நடந்து போயிடுவாரு, கொடைக்குக் கீழ போற மாதிரி.”

என் தம்பி வாயிலிருந்து வாழ்நாளில் வந்த ஒரே உருப்படியான வார்த்தை அது. அவனுக்கே அது தெரியாது.

வீட்டுக்கு வந்து அங்கியை எடுத்தேன். தோளின் தையலைப் பிரித்துத் தோலையும் கம்பளியையும் உருவிப் போட்டேன். அதே அளவு புடைப்பாகத் தெரியும்படி தலையணைப் பஞ்சை அடைத்துத் தைத்தேன். விரலால் அழுத்தினால் அப்பளமாகிவிடும். சப்பாத்தைச் செருப்புக்கடைக்காரரிடம் கொடுத்து அடியைச் செதுக்கச் சொன்னேன். “அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டார். “உங்க வேலையப் பாருங்க” என்றேன்.

ஊர்வல ஞாயிற்றுக்கிழமை காலை அங்கி மாட்டிவிட்டதும் நான்தான். தோளைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். என் கணக்கு தப்பி, பாரம் ஒரு நொடி அந்தத் தோளில் இறங்கிவிட்டால் போயிற்று. இந்த மனிதர் மிச்ச வாழ்நாள் முழுக்க என் கையால்தான் தலை வாரிக்கொள்ள வேண்டும்.

கோயில் வாசல் திறந்தது. சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து சப்பரம் வந்தது. பேண்டு தவக்கால ஊர்வலத்துக்குரிய சாவு மெட்டைத் தொடங்கியது. சாயமிட்ட மரத்தூளில் விடிய விடியப் போட்ட பூவிரிப்பின் மேல் ஊதா அங்கிகள் ஆடி ஆடி வந்தன. கூட்டம் ஆண்டவர் முகத்தைப் பார்த்தது. நான் அந்த வரிசையில் ஒரே ஒரு தோளைப் பார்த்தேன்.

தோளுக்கும் மரத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அதன் வழியே எதிர் வீட்டுச் சுவரின் மஞ்சள் தெரிந்தது.

நடைபாதையில் கூடவே நடந்தேன். இவருடைய பங்குப் பாரமும் தூலியோ மேல் விழுந்ததோ என்னவோ, அவன் கழுத்து நரம்பு புடைத்து, முகம் பீட்ரூட்டாகிவிட்டது. நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவரோ கண்ணை மூடி, பல்லைக் கடித்து, இடுப்பை வளைத்து, மலையைத் தூக்குகிறவர் போல நடந்தார். நல்ல நடிகர், போங்கள்.

தெருமுனையில் குழு மாறியதும் முகம் முழுக்கக் கண்ணீரோடு வெளியே வந்தார்.

“தெல்ஃபினா! கனமே இல்லடி! ஆண்டவர் என் தோள் மேல கனக்கவே இல்ல! அவரே தூக்கிக்கிட்டாரு!”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அவர் தோளைத் தொட்டு முத்தமிட்டாள். நான் போட்ட பஞ்சுக்கு முத்தம்! கை பிழைத்தது, அது போதும். ஒரு கிறுக்குத்தனமான சந்தோஷம் இவருக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கூடம் திருத்தலமாகிவிட்டது. அற்புதம் கேட்க ஆள் வந்தபடி இருந்தது. ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. மூன்றாம் நாள் பாரம் குறைந்ததோடு வெளிச்சமும் வந்தது. நான்காம் நாள் ஒரு வாசனையும் வந்தது. நான் அடுப்படியில் சோளமாவைப் பிசைந்துகொண்டே பல்லைக் கடித்தேன்.

ஐந்தாம் நாள் வந்தவள் அம்பாரோ. சந்தைக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவள். இவருக்குத் தைத்த அதே டாக்டர் பாரியாஸ் அவளுக்கும் தோளைத் தைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கழுத்தில் கைப்பட்டை தொங்கியது. பெரிய வெள்ளியன்று பெண்கள் தூக்கும் மாதா சப்பரத்தில் அவளுக்கு ஒரு நேர்ச்சை.

“அண்ணே, டாக்டர் கூடவே கூடாதுங்கறாரு. உங்களுக்குக் கனக்கலன்னு சொல்றாங்க. நான் தூக்கலாமா? நீங்க சொன்னா நான் தூக்கறேன்.”

கூடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் இவர் வாயைப் பார்த்தார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“தூக்கு, அம்பாரோ. நம்பிக்கையோட தூக்கு. ஒரு இறகு மாதிரிதான் இருக்கும்.”

அவள் கண் கலங்கியது. அங்கேயே, அந்த நிமிஷமே, கைப்பட்டையின் கொக்கியை இடது கையால் தேடத் தொடங்கினாள்.

மாவுக் கையோடு நான் கூடத்துக்கு வந்தேன்.

“அதுல கை வைக்காத அம்பாரோ! இந்தாளுக்குக் கனக்கல, ஏன்னா சப்பரம் இந்தாளத் தொடவே இல்ல. முப்பது வருஷமா தடிச் சப்பாத்தும் தோள்ல கம்பளியும் வச்சு நெட்டைங்களோட நின்னாரு. இந்த வருஷம் ரெண்டையும் நான்தான் எடுத்தேன். அற்புதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குள்ளம்! அவ்வளவுதான்.”

சபை நண்பர் ஒருவர் தன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். நான் இவர் கத்துவார் என்று காத்திருந்தேன். எழுந்து வெளியே போவார், அல்லது என்னைப் பொய்க்காரி என்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

இவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதாடி?” என்றார். “முதல் அடியிலயே தெரிஞ்சுபோச்சு. மேல ஒண்ணுமே இல்ல. கைய விட்டுப் பாத்தேன், வெறும் காத்து.”

“அப்புறம் எதுக்குய்யா அந்த அழுகை?”

“ஊரே பாத்துக்கிட்டு இருந்துச்சு, தெல்ஃபினா. முன்னாடியும் பின்னாடியும் அத்தன பேரும் செத்துக்கிட்டு இருக்கான். நான் மட்டும் கைய வீசிக்கிட்டு வர்றேன். அழாம எப்படி வெளிய வர்றது, சொல்லு.”

என் மனிதர் முதல் தடவையாக வெட்கப்பட்டு அழுதிருக்கிறார், அதைத்தான் நான் கிறுக்குச் சந்தோஷம் என்று நினைத்திருக்கிறேன்.

அம்பாரோவின் கொக்கி பாதி கழன்று தொங்கியது. இவர் எழுந்து அவளிடம் போனார். “டாக்டர் சொல்றதக் கேளும்மா. என்னை மாதிரி ஆளுகிட்டயெல்லாம் வந்து கேக்காத” என்று சொல்லி, பட்டையை அவள் தோளுக்கு மேலே இழுத்து, கொக்கியை இரண்டு கையாலும் மாட்டிவிட்டார்.